செய்யவா, செய்வதையா? ஆங்கில இலக்கண வகுப்பில் தமிழின் துணை

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்தில் இன்ஃபினிடிவ் எங்கே வரும், ஜெரண்ட் எங்கே வரும் என்பதுதான் இன்று எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. தலைப்பைக் கேட்டதும் தொடக்கநிலை ஆசிரியர்கள், 'இது ஒன்பது, பத்தாம் வகுப்புக்காரர்கள் பாடு' என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் பழக்கம் உங்கள் வகுப்பில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு வினையை அடுத்து இன்னொரு வினை வரும்போது, அந்த இரண்டாவது வினை ஆங்கிலத்தில் பெரும்பாலும் இரண்டு உருவங்களில் ஒன்றை எடுக்கும். முன்னால் 'டு' சேர்ந்து 'டு ப்ளே', 'டு ரீட்' என்று வந்தால் இன்ஃபினிடிவ். பின்னால் 'இங்' சேர்ந்து 'ப்ளேயிங்', 'ரீடிங்' என்று பெயர்ச்சொல்லைப் போல நின்றால் ஜெரண்ட். வசதிக்காக இன்று டு-வடிவம், இங்-வடிவம் என்றே சொல்லிக்கொள்வோம்.

'ஐ வாண்ட் டு ப்ளே' சரி. 'ஐ வாண்ட் ப்ளேயிங்' தவறு. 'ஐ எஞ்சாய் ப்ளேயிங்' சரி. 'ஐ எஞ்சாய் டு ப்ளே' தவறு. ஏன் என்று மாணவர் கேட்டால், நம்மில் பலரும் இரண்டு பட்டியல்களைக் கரும்பலகையில் எழுதுவோம். வாண்ட், ஹோப், டிசைட், ப்ளான், ரெஃப்யூஸ் எல்லாம் ஒரு பக்கம். எஞ்சாய், ஃபினிஷ், அவாய்ட், ப்ராக்டிஸ், கீப் எல்லாம் இன்னொரு பக்கம். மனப்பாடம் செய்துவா என்போம்.

பட்டியலில் பிழை இல்லை. கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவுக்கு அது உதவும். ஆனால் சொந்தமாக ஒரு பத்தி எழுதச் சொன்னால், எழுதும் பிள்ளைக்குப் பட்டியல் நினைவுக்கு வருவதில்லை. சுற்றுலா போய்வந்ததைப் பற்றி எழுது என்றால் 'வீ எஞ்சாய்ட் டு ப்ளே' என்று எழுதுகிறார். நாம் சிவப்பு மையால் சுழிக்கிறோம். பக்கத்துக்கு ஐந்து சுழிகள் விழுந்தால், அடுத்த முறை அரைப் பக்கம் எழுதிய பிள்ளை மூன்று வரியோடு நிறுத்திக்கொள்கிறது. பிழையில்லாமல் இருக்க அதற்குத் தெரிந்த ஒரே வழி, எழுதாமல் இருப்பது. இந்த இலக்கணப் பகுதியில் மதிப்பெண் போவதைவிட எனக்குப் பெரிய கவலை இதுதான்.

ஆகவே, பட்டியலுக்கு முன்னால் ஒரு படி வைக்கலாம் என்று சொல்லவே வந்திருக்கிறேன். இந்த வேறுபாடு தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ் பேசும் எந்தப் பிள்ளையும் இதில் தவறுவதில்லை. அந்த அறிவை ஆங்கில வகுப்புக்குள் அழைத்துக்கொள்ள வேண்டியதுதான் நம் வேலை.

மறுத்தான், எதை?

கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களை எழுதுங்கள்.

திருட மறுத்தான்.
திருடியதை மறுத்தான்.

ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள், இருவரில் நல்லவன் யார் என்று. உடனே சொல்லிவிடும். முதலாமவன் 'அந்த வேலை என்னால் முடியாது' என்றவன். இரண்டாமவன்மேல் சந்தேகம் இருக்கிறது, 'நான் எடுக்கவில்லை' என்கிறான். 'மறுத்தான்' என்ற வினை இரண்டிலும் ஒன்றே. அதற்கு முன் நிற்கும் வடிவம்தான் ஆளையே மாற்றிவிடுகிறது.

இப்போது ஆங்கிலம். முதலாவது, 'ஹீ ரெஃப்யூஸ்ட் டு ஸ்டீல்'. இரண்டாவது, 'ஹீ டினைட் ஸ்டீலிங்'. தமிழில் 'திருட' என்று வந்த இடத்தில் டு-வடிவம். 'திருடியதை' என்று வந்த இடத்தில் இங்-வடிவம்.

இன்னொரு வினையை எடுப்போம். 'பணத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டார்', 'பணத்தை எடுத்ததை ஒப்புக்கொண்டார்'. முதலாவதற்கு 'ஹீ அக்ரீட் டு கிவ் த மனி'. இரண்டாவதற்கு 'ஹீ அட்மிட்டட் டேக்கிங் த மனி'. தமிழில் ஒப்புக்கொள் என்ற ஒரே வினை இரண்டு பொருளையும் சுமக்கிறது. ஆங்கிலம் அதற்கு இரண்டு வினைகளை வைத்திருக்கிறது. ஆனாலும் பின்னால் வரும் வடிவத்தில் இரண்டு மொழிகளும் ஒத்துப்போகின்றன.

ஆங்கிலத்திலும் ஒரே வினை இரண்டு வடிவங்களையும் எடுத்துப் பொருள் மாறுவது உண்டு. வீட்டில் மாத்திரை சாப்பிடும் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 'மாத்திரை போட நினைவில்லை' என்றால் மாத்திரை உள்ளே போகவில்லை. 'மாத்திரை போட்டது நினைவில்லை' என்றால் போட்டிருக்கலாம், இன்னொன்று கொடுத்துவிடக் கூடாது. முதலாவது, 'ஐ டிட் நாட் ரிமெம்பர் டு டேக் த டாப்லெட்'. இரண்டாவது, 'ஐ டோண்ட் ரிமெம்பர் டேக்கிங் த டாப்லெட்'. நாளை செவிலியராகவோ மருந்தாளுநராகவோ போகும் நம் மாணவிக்கு இது வெறும் ஒரு மதிப்பெண் இலக்கணம் இல்லை.

'ரிக்ரெட்' என்ற வினையும் அப்படித்தான். 'இதைச் சொல்ல வருந்துகிறேன்' என்றால் இனிமேல்தான் சொல்லப்போகிறார்: 'ஐ ரிக்ரெட் டு சே'. 'அதைச் சொன்னதற்கு வருந்துகிறேன்' என்றால் சொல்லி முடித்தாயிற்று: 'ஐ ரிக்ரெட் சேயிங்'. 'தண்ணீர் குடிக்க நின்றார்' என்பது 'ஹீ ஸ்டாப்ட் டு டிரிங்க் வாட்டர்'. 'தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்' என்பது 'ஹீ ஸ்டாப்ட் டிரிங்கிங் வாட்டர்'. முன்னவர் குடித்தார், பின்னவர் குடிப்பதை விட்டார்.

மூன்று பெட்டிகள்

இதை வகுப்பில் ஒழுங்குபடுத்த மூன்று பெட்டிகள் போதும். கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போட்டு, 'செய்ய', 'செய்வதை', 'செய்து' என்று தலைப்பிடுங்கள்.

முதல் பெட்டி 'செய்ய'. தமிழாசிரியர் இதைச் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்பார். படிக்க விரும்பினான், போக முடிவு செய்தான், வர மறுத்தான், நீந்தக் கற்றுக்கொண்டான், எழுதத் தவறினான். இவற்றில் முதல் வினை, அடுத்த வினை நோக்கிப் போகும் இலக்காக நிற்கிறது. ஆங்கிலத்தில் வாண்ட், டிசைட், ரெஃப்யூஸ், லேர்ன், ஃபெயில். எல்லாவற்றுக்கும் பின்னால் டு-வடிவம். ஆங்கிலத்தில் அந்த 'டு' தொடக்கத்தில் 'நோக்கி' என்ற பொருள் தரும் முன்னிடைச் சொல்தான். 'ஸ்கூலுக்கு' என்பதில் நம் 'கு' செய்கிற வேலையை 'டு ஸ்கூல்' என்பதில் அது இன்றும் செய்கிறது. வினைக்கு முன்னால் வந்தாலும் அந்த 'நோக்கி' என்ற வாசனை முழுதாகப் போய்விடவில்லை.

இரண்டாம் பெட்டி 'செய்வதை'. செய்தல் என்ற தொழிற்பெயரும், பேச்சில் அதன் இடத்தில் வரும் செய்வது, செய்தது என்ற வடிவங்களும் இதில் அடங்கும். புகைப்பதை விட்டார், சண்டை போடுவதைத் தவிர்த்தார், எடுத்ததை மறுத்தார். இங்கே வினை பெயராகிவிட்டது. அதற்குச் சான்று, அது வேற்றுமை உருபை ஏற்கிறது. ஆங்கிலத்தில் கிவ் அப், அவாய்ட், டினை. எல்லாவற்றுக்கும் பின்னால் இங்-வடிவம்.

'ஐ' உருபு மட்டுமல்ல. 'வரைவதில் கெட்டிக்காரி' என்பதில் 'இல்' உருபு. 'வந்ததற்கு நன்றி' என்பதில் 'கு' உருபு. ஆங்கிலத்தில் இவை 'ஷீ இஸ் குட் அட் ட்ராயிங்', 'தேங்க் யூ ஃபார் கமிங்'. முன்னிடைச் சொல்லுக்குப் பின் வரும் வினை இங்-வடிவம் பெறும் என்று நாம் சொல்லும் விதி இதுதான். தமிழில் உருபு ஒட்டுகிற இடத்தில் ஆங்கிலத்தில் முன்னிடைச் சொல் நிற்கிறது. இரண்டும் பெயரைத்தான் தேடும்.

மூன்றாம் பெட்டி 'செய்து'. எனக்கு மிகவும் பிடித்த பெட்டி. தொடக்கநிலை வகுப்புகளில் நாம் அன்றாடம் சொல்லும் தொடர்களைப் பாருங்கள். பாடி மகிழ்வோம். எழுதிப் பழகுவோம். படித்து முடி. பேசிக்கொண்டே இருக்காதே. உப்புப் போட்டுப் பார். ஆங்கிலத்தில் எஞ்சாய் சிங்கிங், ப்ராக்டிஸ் ரைட்டிங், ஃபினிஷ் ரீடிங், டோண்ட் கீப் டாக்கிங், ட்ரை ஆடிங் சால்ட். ஐந்தும் இங்-வடிவம். பட்டியலில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கிடந்த எஞ்சாய், ப்ராக்டிஸ், ஃபினிஷ், கீப் ஆகிய நான்கும் இந்தப் பெட்டியில் உறவினர்களாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

'ட்ரை' என்ற வினையைப் பல இலக்கண நூல்கள் நீளமாக விளக்கும். நமக்கு இரண்டு தமிழ் வாக்கியங்கள் போதும். 'கதவைத் திறக்க முயன்றான்' என்பது 'ஹீ ட்ரைட் டு ஓப்பன் த டோர்'. கதவு திறந்ததா என்று தெரியாது. 'காற்று வரவில்லையே என்று கதவைத் திறந்து பார்த்தான்' என்பது 'ஹீ ட்ரைட் ஓப்பனிங் த டோர்'. கதவு திறந்துவிட்டது, காற்று வந்ததா என்பதுதான் கேள்வி. முயல்வதும் செய்துபார்ப்பதும் வேறு வேறு என்பது நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு சிறு எச்சரிக்கை. 'சாப்பிட்டுப் போனான்' என்பதிலும் 'செய்து' வடிவம் இருக்கிறது. ஆனால் அங்கே நடந்தவை இரண்டு தனிச் செயல்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'அண்ட்' போட்டால் போதும். படித்து முடித்தான் என்பதில் நடந்தது ஒரே செயல். மூன்றாம் பெட்டி இத்தகைய ஒரே செயலுக்கு மட்டும்.

தமிழ் கைகொடுக்காத இடங்கள்

பாலம் எங்கே முடிகிறது என்பதையும் சொல்லித்தான் பிள்ளையை அதில் அனுப்ப வேண்டும். நம் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் ஐந்து.

ஒன்று, 'நீந்த முடியும்', 'போக வேண்டும்', 'தொடக் கூடாது'. தமிழில் 'செய்ய' வடிவம் இருப்பதால் 'ஐ கேன் டு ஸ்விம்', 'ஐ மஸ்ட் டு கோ' என்று எழுதுகிறார்கள். கேன், மஸ்ட், ஷுட், மே ஆகியவற்றுக்குப் பின் வினை வெறுமனே நிற்கும். 'பாட வைத்தார்', 'போக விடு' என்பவையும் அப்படியே: 'மேட் ஹிம் சிங்', 'லெட் மீ கோ'. 'டு' கிடையாது.

இரண்டு, நோக்கம். 'டாக்டரைப் பார்ப்பதற்கு வந்தேன்' என்பதில் 'கு' உருபு இருக்கிறதே என்று 'ஐ கேம் ஃபார் சீயிங் த டாக்டர்' என்று எழுதிவிடுவார்கள். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. 'பார்ப்பதற்கு' என்பதைப் 'பார்க்க' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். 'டாக்டரைப் பார்க்க வந்தேன்'. பொருள் மாறவில்லை. அப்படியானால் அது முதல் பெட்டி: 'ஐ கேம் டு சீ த டாக்டர்'. 'வந்ததற்கு நன்றி' என்பதை 'வர நன்றி' என்று மாற்ற முடியாது. அது இரண்டாம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

மூன்று, 'லுக் ஃபார்வர்ட் டு'. 'உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்' என்று தமிழில் வருவதாலும், ஆங்கிலத்தில் 'டு' கண்ணில் படுவதாலும், கடிதத்தின் கடைசி வரியில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதுகிறார்கள். சரியானது 'டு மீட்டிங் யூ'. இங்கே 'டு' முன்னிடைச் சொல். 'டு' என்பதற்குப் பின் 'இட்' என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' நிற்கிறது. 'ஐ வாண்ட் டு இட்' நிற்கவில்லை. 'இட்' நின்றால் பின்னால் இங்-வடிவம். 'ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்' என்பதும் இதே வகை. நடந்து பழகிவிட்டது என்று பொருள். 'ஐ யூஸ்ட் டு வாக்' என்பது வேறு. முன்பெல்லாம் நடப்பேன், இப்போது இல்லை என்று பொருள்.

நான்கு, ப்ராமிஸ். 'வருவதாக வாக்குக் கொடுத்தான்' என்று தமிழில் பெயர்போலத் தோன்றினாலும் ஆங்கிலத்தில் 'ஹீ ப்ராமிஸ்ட் டு கம்' என்றே வரும்.

ஐந்து, சஜஸ்ட், மைண்ட். 'நடந்து போகலாம் என்று யோசனை சொன்னார்' என்பது 'ஹீ சஜஸ்டட் வாக்கிங்'. 'கொஞ்சம் கதவைத் திறக்க முடியுமா?' என்று பணிவாகக் கேட்பது 'வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த டோர்?' இவற்றுக்குத் தமிழில் துணை தேடாமல் முழு வாக்கியமாகவே பழக்கிவிடுவது நல்லது.

இவற்றைத் தவிர, பிகின், ஸ்டார்ட், கண்டினியூ, லைக் போன்ற வினைகள் இரண்டு வடிவங்களையும் ஏற்கும். 'இட் ஸ்டார்ட்டட் டு ரெய்ன்', 'இட் ஸ்டார்ட்டட் ரெய்னிங்' இரண்டும் சரி. விடைத்தாள் திருத்தும்போது விடைக்குறிப்பில் ஒன்று மட்டும் இருக்கிறது என்பதற்காக மற்றதை அடித்துவிடக் கூடாது.

ஆக, மாணவர் தனியாக நினைவில் வைக்க வேண்டியவை முக்கியமாக இந்த ஐந்து இடங்கள். நீண்ட இரண்டு பட்டியல்களைவிட இந்தச் சுமை குறைவு.

வகுப்பறையில்

தொடக்கநிலை ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன் என்றேனே. உங்கள் வகுப்பில் இன்ஃபினிடிவ், ஜெரண்ட் என்ற சொற்களே வேண்டாம். தொடர்களாக வாயில் பழகட்டும். வருகைப் பதிவு எடுக்கும்போது, ஒவ்வொரு பிள்ளையும் 'பிரசென்ட்' என்பதற்குப் பதில் ஒரு நாள் 'ஐ வாண்ட் டு...' என்று தொடங்கி ஒரு வினை சொல்லட்டும். மறுநாள் 'ஐ எஞ்சாய்...' என்று தொடங்கட்டும். 'ஐ எஞ்சாய் ஸ்கிப்பிங்', 'ஐ எஞ்சாய் ட்ராயிங்' என்று ஒரு மாதம் காதில் விழுந்த பிள்ளைக்கு, பின்னாளில் 'ஐ எஞ்சாய் டு ட்ரா' என்பது கேட்கவே ஒட்டாமல் இருக்கும். பணியைச் சொல்லும்போதும் 'ஃபினிஷ் ரைட்டிங்', 'ஸ்டாப் டாக்கிங்', 'டோண்ட் ஃபர்கெட் டு ப்ரிங் யுவர் நோட்புக்' என்று முழுத் தொடராகச் சொல்லுங்கள்.

ஆறு முதல் எட்டு வரை, நடித்துக் காட்டலாம். ஒரு பிள்ளை நடந்துபோய், நின்று, தண்ணீர் குடிக்கும். இன்னொரு பிள்ளை குடித்துக்கொண்டே இருந்து, சட்டென்று புட்டியைக் கீழே வைக்கும். வகுப்பு முதலில் தமிழில் சொல்லட்டும், பிறகு ஆங்கிலத்தில். இரண்டு நிமிட வேலை.

ஒன்பது, பத்தாம் வகுப்பில் மூன்று பெட்டிகளையும் குழுக்களிடம் கொடுத்துவிடுங்கள். பட்டியலில் உள்ள வினைகளைச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்தால், அவர்களே தமிழ் வாக்கியம் அமைத்து எந்தப் பெட்டி என்று முடிவு செய்வார்கள். பொருந்தாத சீட்டுகள் மேசையில் மிஞ்சும். மிஞ்சியவற்றைத்தான் நாம் கற்பிக்க வேண்டும். என் ஒன்பதாம் வகுப்பில் இதைச் செய்தபோது, ஆங்கிலப் பாடவேளையில் வாய் திறக்காத ஒரு மாணவர், "அப்போ நமக்கு இது முன்னாடியே தெரியுமா டீச்சர்?" என்று கேட்டார். அன்று அவர் குழுவில் அவர்தான் அதிகம் பேசினார். ஆங்கிலம் என்றால் தனக்கு ஒன்றுமே தெரியாத இடம் என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, தெரிந்த ஒன்று உள்ளே இருக்கிறது என்று காட்டினால் வரும் தைரியம் அது.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். வகுப்பு முழுவதும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் ஆங்கிலம் வராது என்பதில் எனக்கும் ஐயமில்லை. நான் கேட்பது பாடவேளையில் ஐந்து நிமிடம். வேறுபாட்டைப் புரியவைக்கத் தமிழ். அதைப் பழக்கப்படுத்த மீதி நேரம் முழுவதும் ஆங்கிலம். தமிழ் வகுப்பில் தொழிற்பெயர் நடத்தும் வாரத்தில் நீங்கள் இதை நடத்த முடிந்தால் இன்னும் நல்லது. தமிழாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பாடங்களும் ஒன்றுக்கொன்று தோள்கொடுக்கும்.

கடைசியாக, திருத்தம். கட்டுரை நோட்டில் எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் சுழிக்க வேண்டாம். இந்த வாரம் டு-வடிவம், இங்-வடிவம் மட்டும் பார்க்கப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிழை உள்ள வரியின் ஓரத்தில் 1, 2, 3 என்று பெட்டி எண்ணை மட்டும் எழுதுங்கள். மாணவரே தமிழில் சொல்லிப் பார்த்துத் திருத்திக்கொள்வார். தமிழ் உதவாத ஐந்து இடங்களில் ஒன்றாக இருந்தால் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். அதை நாம் விளக்குவோம். சரியாக எழுதிய இடத்திலும் ஒரு சிறு குறியிடுங்கள். நீளமாக எழுதிய பிள்ளைக்குத்தான் பிழையும் அதிகம் விழும். அந்த நீளம் குறையாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

நாளை முதல் பாடவேளையிலேயே இதைச் செய்து பார்க்கலாம். 'திருட மறுத்தான்', 'திருடியதை மறுத்தான்' என்ற இரண்டு வரிகள் போதும். பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள், எந்த வினை எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு வாருங்கள். அந்த மிச்சச் சீட்டுகளைச் சேர்ந்து பார்ப்போம்.